எக்ஸ்போர்ட் செய்த எச்டி வீடியோ தடுக்கித் தடுக்கி ஓடினால் கோளாறை எங்கே தேடுவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் சபா ஒன்றில் நடந்த அரங்கேற்றத்தை இரண்டு கேமராக்களிலும் ஒரு கைபேசியிலும் பதிவு செய்து, ப்ரீமியர் ப்ரோ என்ற மென்பொருளில் தொகுத்திருக்கிறீர்கள். டைம்லைனில் ஓட்டிப் பார்க்கும்போது சீராக இருக்கும் நடனம், முழு எச்டியில் எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. பிட்ரேட்டை (ஒவ்வொரு நொடி வீடியோவுக்கும் ஒதுக்கும் தரவின் அளவை) இரண்டு மடங்காகக் கூட்டியும் மாற்றம் இல்லை. கணினியின் வேகம் போதவில்லை என்று நண்பர்கள் சொல்வதால், ரிச்சி தெருவுக்குப் போய் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். எக்ஸ்போர்ட் என்பது நிகழ்நேரத்தில் நடக்கும் வேலை அன்று. மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும் எடுத்து, அதற்குரிய வண்ணத் திருத்தங்களையும் எழுத்துகளையும் சேர்த்து முடித்த பிறகே அடுத்த ஃப்ரேமுக்குப் போகிறது. கணினி மெதுவானது என்றால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை நான்கு மணி நேரம் பிடிக்குமே தவிர, நேரம் போதவில்லை என்று எந்த ஃப்ரேமையும் அது விட்டுவிடாது. சித்திரை வெயிலில் கணினி சூடேறி வேகம் குறைந்தாலும் இதே கதைதான். வேகக் குறைவால் ஃப்ரேம்கள் தவறிப்போவது, திரையை நேரடியாகப் பதிவு செய்வது, கேமராவிலிருந்து நேரலையாக உள்வாங்குவது போன்ற நிகழ்நேர வேலைகளில் மட்டுமே. ஆகவே பழைய கணினியிலும் குறையில்லாத கோப்பை உருவாக்க முடியும். அமைப்பு தவறாக இருந்தால், விலை உயர்ந்த புதிய கணினி தவறான கோப்பை விரைவாக உருவாக்கித் தரும், அவ்வளவுதான்.

எனவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், தடுக்கல் கோப்புக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது கோப்பு நன்றாக இருந்து அதை ஓட்டும் கருவி திணறுகிறதா என்பதைத் தீர்மானியுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. பலர் நாள் முழுவதும் பிட்ரேட்டை ஏற்றியும் இறக்கியும் களைத்துப்போவதற்குக் காரணம், இந்த முதல் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான்.

சோதனை எளியது. எக்ஸ்போர்ட் ஆன கோப்பை மறுபடியும் ப்ரீமியருக்குள் கொண்டுவந்து, அந்தக் கோப்பிலிருந்தே புதிய சீக்வென்ஸ் (தனி டைம்லைன்) ஒன்றை உருவாக்குங்கள். பழைய சீக்வென்ஸுக்குள் போடக் கூடாது. போட்டால் அந்த சீக்வென்ஸின் ஃப்ரேம் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்குக்கு) ஏற்ப கோப்பின் ஃப்ரேம்கள் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படும். நீங்கள் பார்க்க வேண்டிய குறை மறைந்துவிடும். புதிய சீக்வென்ஸில், வலது அம்பு விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக முன்னேறுங்கள்.

இதற்கு எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியம். அடவின் முடிவில் ஆடுபவர் அரைமண்டியில் ஒரு கணம் நிலைத்து நிற்பார். அங்கே அடுத்தடுத்த ஃப்ரேம்கள் ஒன்றுபோல இருப்பது இயல்பு, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இடைவிடாமல் அசைவு தொடரும் இடமாகப் பாருங்கள். ஆடுபவர் முழுச் சுற்று சுற்றும்போது தலைசாமான் விளக்கொளியில் மின்னிக்கொண்டே நகருமே, அந்த இடம் மிகப் பொருத்தம். அல்லது கேமரா மேடையிலிருந்து நட்டுவனார் பக்கம் மெதுவாகத் திரும்பும் இடம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் நெற்றிச்சுட்டி எவ்வளவு நகர்கிறது என்று கவனியுங்கள். ஒரே அளவில் நகர்ந்துகொண்டே போனால் கோப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். நடுவில் ஓர் அழுத்தலுக்கு எதுவும் அசையாவிட்டால், அந்த ஃப்ரேம் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. திடீரென்று இரண்டு மடங்கு தூரம் தாவினால், இடையில் ஒரு ஃப்ரேம் விடுபட்டிருக்கிறது.

எத்தனை அழுத்தலுக்கு ஒருமுறை இது நிகழ்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த எண்ணிக்கையைவிட நம்பகமான சாட்சி வேறு இல்லை. ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று இரட்டிப்பாக வந்தால், நொடிக்கு 25 ஃப்ரேமில் தொகுத்த டைம்லைனை 29.97 அல்லது 30 ஃப்ரேமுக்கு எக்ஸ்போர்ட் செய்திருக்கிறீர்கள். நொடிக்கு ஐந்து ஃப்ரேம் பற்றாக்குறை, அதை மென்பொருள் நகலெடுத்து நிரப்பியிருக்கிறது. ஐந்து ஃப்ரேமுக்கு ஒரு தாவல் இருந்தால் நிலைமை தலைகீழ்: 30 ஃப்ரேமில் எடுத்ததை 25 ஆக்கியதில் ஆறில் ஒன்று கழிக்கப்பட்டிருக்கிறது. நொடிக்கு ஒரே ஒரு இரட்டிப்பு என்றால், 24 ஃப்ரேமில் எடுத்த காட்சி 25 டைம்லைனில் இருக்கிறது. ஒழுங்கே இல்லாமல், ஒரு நொடியில் இரண்டும் அடுத்த நொடியில் ஐந்துமாக வந்தால், பெரும்பாலும் அது கைபேசியில் எடுத்த பகுதியாக இருக்கும்.

டைம்லைனில் சீராக இருந்து கோப்பில் மட்டும் தடுக்குகிறது என்று நீங்கள் சொல்வதால், நான் முதலில் சந்தேகிப்பது ஆறில் ஓர் இரட்டிப்பைத்தான். ப்ரீமியரில் உள்ள ஆயத்த எக்ஸ்போர்ட் அமைப்புகளில் சில 29.97 ஃப்ரேமைக் கொண்டவை. இந்தியாவில் விற்கப்படும் கேமராக்களைப் பால் (PAL) முறைக்கு அமைத்தால் 25, 50 என்ற ஃப்ரேம் ரேட்டுகளில் பதிவாகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதும், நம் தொலைக்காட்சி பால் முறையில் வளர்ந்தது என்பதும் இதற்குக் காரணம். 29.97 என்ற விநோதமான எண், 1953-இல் அமெரிக்காவின் வண்ணத் தொலைக்காட்சி முறை வகுக்கப்பட்டபோது 30-ஐச் சற்றே குறைத்ததால் வந்தது. அந்த எண் உங்கள் எக்ஸ்போர்ட் பக்கத்தில் இருந்தால், ஃப்ரேம் ரேட் கட்டத்துக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு 25 என்று மாற்றுங்கள், அல்லது மேட்ச் சோர்ஸ் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முப்பது நொடிப் பகுதிக்கு மட்டும் இன், அவுட் (தொடக்கம், முடிவு) அடையாளமிட்டு எக்ஸ்போர்ட் செய்து மறுபடியும் அம்பு விசையால் நகர்த்திப் பாருங்கள். இரட்டிப்பு மறைந்துவிட்டால் உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்தது.

மறையவில்லை என்றால், தடுக்கல் டைம்லைனிலேயே இருக்கிறது, சிறிய ப்ரோகிராம் சாளரத்தில் பாதி அல்லது கால் ரெசல்யூஷனில் பார்த்ததால் அது உங்கள் கண்ணில் படவில்லை என்று கொள்ள வேண்டும். இப்போது ஒவ்வொரு கேமராவின் மூலக் கோப்பையும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஃப்ரேம் ரேட், ஃப்ரேம் ரேட் மோட், ஸ்கேன் டைப் ஆகிய மூன்று வரிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் கேமராக்கள் இரண்டில், ஒன்று பால் முறையிலும் மற்றொன்று என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையிலும் அமைக்கப்பட்டிருப்பது மிகவும் சாதாரணம். வாடகைக்கு எடுத்த கேமராவை முந்தைய ஆள் எந்த முறையில் வைத்துவிட்டுப் போனார் என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. 50 ஃப்ரேமில் எடுத்தது 25 டைம்லைனில் ஒன்று விட்டு ஒன்றாகச் சுத்தமாக உட்காரும். 60 ஃப்ரேமில் எடுத்தது அப்படி உட்காராது. இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்ற சமமற்ற இடைவெளிகளில் ஃப்ரேம்கள் எடுக்கப்படுவதால் அசைவு முழுவதும் லேசாக உதறிக்கொண்டே இருக்கும்.

கைபேசியின் கதை தனி. பெரும்பாலான கைபேசிகள் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. 30 என்று திரையில் காட்டினாலும், உண்மையில் ஃப்ரேம்களுக்கு இடையிலான நேரம் கூடியும் குறைந்தும் இருக்கும். சபாவில் விளக்கு அணைந்து ஒற்றை ஒளிவட்டம் மட்டும் இருக்கும் பதம் என்ற உருப்படியில், வெளிச்சம் போதாமல் கைபேசி தானாகவே ஃப்ரேம் ரேட்டைக் குறைத்துவிடும். ஐபோனில் ஆட்டோ எஃப்பிஎஸ் என்ற பெயரில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட கோப்பு டைம்லைனில் இரண்டு விதமாகத் தொல்லை தரும். ஒன்று, ஒழுங்கற்ற தடுக்கல். மற்றொன்று, தொடக்கத்தில் காலடியும் தாளச் சத்தமும் ஒன்றாக விழுந்து, இருபது நிமிட வர்ணம் முடிவதற்குள் இரண்டும் விலகிப்போவது. இந்த இரண்டாவது அடையாளம் தென்பட்டால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ப்ரீமியரில் அந்தக் கிளிப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தாலும், ஃப்ரேம் ரேட் மாறுவதாக அது குறிப்பிடும்.

இதற்குத் தீர்வு, தொகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே கைபேசிக் கோப்பை நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றுவது. கோப்புகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளின் வீடியோ பக்கத்தில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து, தரத்தைச் சற்றுத் தாராளமாக விட்டு மாற்றிக்கொள்ளலாம். இங்கேயே 25 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் ஆறில் ஒன்றைக் கழிக்கும் வேலை டைம்லைனுக்குப் பதிலாக இங்கே நடக்கும் என்பதைத் தவிர வேறு நன்மை இல்லை. ஏற்கெனவே தொகுத்து முடித்துவிட்டதால், மாற்றிய கோப்பை ரீப்ளேஸ் ஃபுட்டேஜ் வழியாகப் பழையதன் இடத்தில் வைத்து, ஒவ்வொரு வெட்டும் தாளத்தோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

30 ஃப்ரேம் காட்சியை 25 டைம்லைனில் வைத்தே ஆக வேண்டும் என்றால், ப்ரீமியர் மூன்று வழிகளைத் தருகிறது. ஃப்ரேம் சாம்ப்ளிங் கழிக்கும், தடுக்கல் தெரியும், ஆனால் படம் கூர்மையாக இருக்கும். ஃப்ரேம் பிளெண்டிங் அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கலக்கும்; நடனத்தில் விரல்கள் இரட்டையாகத் தெரியும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆப்டிகல் ஃப்ளோ அசைவைக் கணித்துப் புதிய ஃப்ரேம்களை உருவாக்கும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் அது அழகாக வேலை செய்யும். ஆனால் கைகள் உடலைக் குறுக்கே கடக்கும் இடங்களில் விரல்களின் விளிம்பு உருகி வழிவதுபோல ஆகிவிடும். ஒரு கலைஞர் பல ஆண்டுகள் பழகிய அலபத்ம முத்திரையின் விரல் நுனிகளை மென்பொருளின் ஊகத்துக்கு விட்டுக்கொடுப்பதைவிட, நொடிக்கு ஐந்து ஃப்ரேம் கழிந்த தடுக்கலோடு காட்டுவதே மேல் என்பது என் கருத்து. அதைவிட மேலானது, கைபேசிக் காட்சிகளை முகபாவம், பார்வையாளர் வரிசை போன்ற அசைவு குறைந்த இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நிருத்தப் (தூய அசைவுப்) பகுதிகளுக்குப் பெரிய கேமராக்களையே நம்புவது.

ஸ்கேன் டைப் என்ற வரியில் இன்டர்லேஸ்டு என்று இருந்தால், அது தனிச் சிக்கல். வாடகைக்குக் கிடைக்கும் பழைய எச்டி கேம்கார்டர்கள் பல இன்னமும் 1080i முறையில்தான் எடுக்கின்றன. அதில் நொடிக்கு 50 அரைப் படங்கள், ஒவ்வொன்றிலும் 540 வரிகள், ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறிப் பதிவாகும். இந்த அரைப் படத்துக்கு ஃபீல்ட் என்று பெயர். எச்டியில் மேல் ஃபீல்ட் முதலில் வருவது வழக்கம். பழைய டிவி (DV) கேமரா டேப்பில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். சீக்வென்ஸில் இந்த வரிசை மாறிப்போனால், ஒவ்வோர் அசைவும் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போகும். ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தால் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் கை விளிம்பில் தெரியும். வரிசையைச் சரிசெய்து 25 ஃப்ரேமாக டீஇன்டர்லேஸ் செய்தால் (அரைப் படங்களை முழுப் படமாக்கினால்) கோடுகள் போய்விடும், ஆனால் நொடிக்கு 50 தருணங்களில் பதிவான அசைவில் பாதி வீணாகும். ஹேண்ட்பிரேக்கின் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வோர் அரைப் படமும் ஒரு முழு ஃப்ரேமாக மாறி, 50 ஃப்ரேம் கோப்பு கிடைக்கும். விரைவான ஜதிகளுக்கு இதன் வழுவழுப்பைப் பார்த்துவிட்டால் 25-க்குத் திரும்ப மனம் வராது. எல்லாக் கேமராக்களும் 50 ஃப்ரேமைத் தரக்கூடியவை என்றால், சீக்வென்ஸையும் எக்ஸ்போர்ட்டையும் 50-லேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தடுக்கல் ஒரே இடத்தில் வராமல், ஒவ்வொரு முறை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் வெவ்வேறு இடங்களில் வந்தால், ஃப்ரேம் ரேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கிராஃபிக்ஸ் டிரைவர், பழுதான நினைவகம், அல்லது ஹார்டுவேர் என்கோடர் காரணமாக இருக்கலாம். எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஹார்டுவேர் என்கோடிங் என்பதை சாஃப்ட்வேர் என்கோடிங்காக மாற்றிச் சோதியுங்கள். யூஸ் ப்ரீவியூஸ் டிக் செய்யப்பட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பழைய ரெண்டர் கோப்புகளை நீக்குங்கள். எக்ஸ்போர்ட் கூடுதல் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, அம்பு விசைச் சோதனையில் கோப்பு சுத்தமாக இருந்து, தொலைக்காட்சியிலோ மண்டபத்துத் திரையிலோ மட்டும் தடுக்கினால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். இங்கே பிட்ரேட்டைக் கூட்டியது உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கும். முழு எச்டியில் 25 அல்லது 30 ஃப்ரேமுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்), 50 அல்லது 60 ஃப்ரேமுக்கு 12. ப்ளூரே வட்டிலேயே வீடியோவுக்கான உச்ச வரம்பு 40 எம்பிபிஎஸ்தான். பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு எச்.264 என்ற அழுத்த முறை, ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1, 10 முதல் 15 எம்பிபிஎஸ் என்று வைத்தால் அநேகமாக எங்கும் ஓடும். ஒரு எச்சரிக்கை: முழு எச்டியில் 50 ஃப்ரேம் வேண்டும் என்றால் லெவல் 4.2 தேவை, சற்றுப் பழைய தொலைக்காட்சிகள் அதில் திணறும். ஆகவே தாத்தா பாட்டி வீட்டுத் தொலைக்காட்சிக்கென்று 25 ஃப்ரேமில் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது. பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டரை மணி நேர நிகழ்ச்சி 10 எம்பிபிஎஸ்ஸில் 11 ஜிபியைத் தாண்டும்.

கணினித் திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இயங்கினால், 25 ஃப்ரேம் வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு அல்லது மூன்று புதுப்பிப்புகளுக்கு மாறி மாறி நிற்கும். இதனால் மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் லேசான உதறல் தெரியும். கோப்பில் எந்தக் குறையும் இருக்காது. மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்குமானால் டிஸ்ப்ளே அமைப்பில் மாற்றிப் பாருங்கள். உதறல் உடனே நின்றால், கோப்பைத் தொடாதீர்கள். மூலக் கோப்புகள் எச்.265 10 பிட் 4:2:2 என்றால் பல கணினிகளில் அதை விரிக்க வன்பொருள் உதவி கிடைக்காது, டைம்லைன் திணறும். ப்ராக்ஸி (தொகுப்பதற்கான இலகுவான பிரதி) உருவாக்கித் தொகுத்தால் போதும், எக்ஸ்போர்ட்டின் தரம் இதனால் குறையாது. யூடியூபில் ஏற்றிய உடனே பார்த்து மங்கலாகவும் தடுமாறியும் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம், முதலில் குறைந்த ரெசல்யூஷன்தான் தயாராகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி அழுத்திவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் எக்ஸ்போர்ட்டில் சரிசெய்ய முடியாது: ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியை ஏற்கும் நேரம். 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 என்று இருந்தால் அசைவில் இயல்பான தேய்வு (மோஷன் பிளர்) இருக்கும். அரங்கேற்றத்துக்கு முன் அழைப்பிதழ் வீடியோவுக்காகக் கபாலீசுவரர் கோயில் குளக்கரையிலோ மெரினாவிலோ பட்டப்பகலில் எடுத்திருந்தால், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி) இல்லாத கேமரா ஷட்டரை 1/1000-க்கு மேல் ஏற்றியிருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி வைத்து வெட்டியதுபோல் கூர்மையாகி, ஃப்ரேம் எதுவும் தவறாமலே நடை வெட்டி வெட்டித் தெரியும். அம்பு விசையால் நகர்த்தும்போது இடைவெளி சீராகவும், ஒவ்வொரு ஃப்ரேமும் தேய்வே இல்லாமலும் இருந்தால் அதுதான் காரணம். மோஷன் பிளர் சேர்க்கும் எஃபெக்ட்டுகள் ஓரளவு மட்டுமே உதவும்.

உங்கள் நிலையில் இப்போது செய்ய வேண்டியது: முதலில் எக்ஸ்போர்ட் ஃப்ரேம் ரேட்டைச் சரிபார்த்து, முப்பது நொடிச் சோதனை எடுப்பது, அடுத்து, கைபேசிக் கோப்பை நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றுவது. இரண்டும் சரியானதும், நேரடியாக எச்.264-க்குப் போகாமல் ப்ரோரெஸ் 422 என்ற உயர்தரக் கோப்பு வகையில் ஒரு மூலப் பிரதியை எடுத்துவிடுங்கள். முழு எச்டி 25 ஃப்ரேமில் அது ஏறத்தாழ 122 எம்பிபிஎஸ், ஒரு மணி நேரத்துக்கு 55 ஜிபி இடம் பிடிக்கும். தொலைக்காட்சி, யூடியூப், மண்டபத் திரை என்று எந்தப் பிரதி தேவைப்பட்டாலும் மீடியா என்கோடரில் அந்த மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். டைம்லைனைத் திறந்து மறுபடி ரெண்டர் செய்ய வேண்டியிருக்காது. சோதனையில் நீங்கள் குறித்த எண்ணிக்கையையும், மீடியாஇன்ஃபோ காட்டிய மூன்று வரிகளையும் எழுதி அனுப்பினால், மிச்சம் ஏதாவது இருந்தாலும் சேர்ந்து பார்த்துவிடலாம்.